மணலின் பிறப்பிடம் தேடியவர்

இங்கிலாந்தின் வடபகுதியில் வாழும் நம்மவர்களுள் ஷெஃபீல்ட் நகரிலிருந்து மன்செஸ்டருக்குப் பயணம் செய்தவர்கள், வழியிலே பெனைன் மேட்டுநிலத்தின் விளிம்புகளில் சுவர்போல எழுந்து நிற்கும் கரிய பாறைகளைக் கண்டிருப்பார்கள். அப்பாறைகளின் அடியில், வட்டமாகச் செதுக்கப்பட்ட பெரிய திரிகைக் கற்கள் புல்லிடையே கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் ஆலைகளுக்கென்று செதுக்கப்பட்டுப் பின்னர் வாங்குவோரின்றி, செதுக்கிய இடத்திலேயே கைவிடப்பட்டவை அவை. திரிகைக்கு உகந்த கல் என்பதால் அப்பாறைத் தொகுதி முழுவதற்குமே திரிகைக்கல் மணற்பாறை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அக்கல்லில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பருமனான குவாட்ஸ் மணிகளும், இடையிடையே இளஞ்சிவப்பு நிறமான பெல்ஸ்பார் மணிகளும், சில இடங்களில் சிறு கூழாங்கற்களும் தெரியும். கிரனைற் போன்ற பாறைகள் சிதைந்தாலன்றி இத்தகைய மணல் உண்டாகாது. ஆனால் அந்த மேட்டுநிலத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் நடந்தாலும் இவ்வளவு மணலை ஈன்றிருக்கக்கூடிய கிரனைற் மலை எதுவும் இல்லை. அப்படியாயின் இம்மணல் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வியை எத்தனையோ மேசைகளின் முன்னால் நின்று எதிர்கொண்டவர்கள் நாம். அக்கேள்வியை ஒரு மணல்மணியிடம் கேட்டு, அது தன் உடலிலேயே பதிலை வைத்திருக்கிறது என்று காட்டிய மனிதரின் வரலாறு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஹென்றி கிளிஃப்டன் சோர்பி என்பது அவர் பெயர். பாறைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராயும் துறையின் தந்தை என்று புவிச்சரிதவியலாளர் அவரை அழைப்பர். உருக்கின் உள்ளமைப்பை ஆராயும் உலோகவியலாளரும் அதே பட்டத்தை அவருக்குச் சூட்டுவர்.

சோர்பி 1826ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி ஷெஃபீல்டை அடுத்த அற்றர்கிளிஃப் பகுதியில் உள்ள வூட்போர்ன் என்னும் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் வெட்டுக்கருவிகள் உற்பத்தி செய்யும் தொழிலதிபர். பல தலைமுறைகளாகக் கத்தியும் உளியும் வாளும் செய்து பொருளீட்டிய குடும்பம் அது. 1624இல் அந்நகரின் கத்தித் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் முதலாவது தலைவராக இருந்தவர் இக்குடும்பத்தின் முன்னோர்களில் ஒருவர் என்பர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துசெல்ல மனம் இடந்தரவில்லை. ஷெஃபீல்டின் புகழ்பெற்ற கத்திகள் யாவும் மணற்கல் சக்கரங்களில் தீட்டப்பட்டே கூர்மை பெற்றன. சக்கரம் சுழலும்போது எழுந்த தூள் தொழிலாளரின் நுரையீரலில் படிந்தது. முள்ளுக்கரண்டிகளை நீரின்றி உலர்வாகத் தீட்டியவர்களில் பெரும்பாலானோர் நாற்பது வயதைக் காணவில்லை. மணலின் கதையை உலகுக்குச் சொன்னவர் எவ்விதக் கவலையுமின்றி அறுபது ஆண்டுகள் ஆய்வில் ஈடுபட முடிந்ததற்கு, அம்மணலைச் சுவாசித்து மாண்டவர்களின் உழைப்பும் அடித்தளமாக இருந்தது. சோர்பியின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைப் பற்றிய வரலாறுகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போவதால் சொல்கிறேன்.

1847இல் தந்தையார் காலமானார். சோர்பிக்கு அப்போது வயது இருபத்தொன்று. தொழிலைப் பொறுப்பேற்பார் என்றே உறவினர் எதிர்பார்த்திருப்பர். அவரோ தமக்குக் கிடைத்த சொத்தின் வருவாயைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்வதென்று முடிவுசெய்தார். பல்கலைக்கழகத்தின் வாசற்படியை மாணவராக அவர் மிதித்ததில்லை. பள்ளிப் படிப்புக்குப் பின் வீட்டிலேயே ஓர் ஆசிரியரிடம் கணிதமும் விஞ்ஞானமும் கற்றார். எவரிடமும் ஊதியம் பெற்று வேலை செய்ததுமில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. தாயாருடன் ஷெஃபீல்டிலேயே வாழ்ந்தார். தொலைதூரத்திலிருந்து வந்துசேர்ந்த மணலைப் பற்றிச் சிந்தித்த மனிதர் தாம் பிறந்த ஊரை விட்டு நிரந்தரமாக நீங்கியதே இல்லை.

அவருடைய ஆய்வுப்பாதையைத் திறந்துவைத்தது ஒரு மழை. இளமையில் ஒருநாள் வீட்டிலிருந்து அயற்கிராமம் ஒன்றுக்கு நடந்துசென்றுகொண்டிருந்தபோது வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு அருகில் இருந்த கல்லுடைக்கும் குழி ஒன்றினுள் நுழைந்தார். மழை விடும்வரை வேறு வேலையில்லாமல் எதிரே இருந்த மணற்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லில் மெல்லிய படைகள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஆற்றின் அடியிலே காணப்படும் மணல் அலைகளின் சாயல் அவற்றில் இருப்பதை அவர் உணர்ந்தார். ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர் அச்சுவரைப் பார்த்திருப்பார்கள். அது ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர் அவர் ஒருவரே.

வூட்போர்ன் இல்லத்தின் காணியூடாகச் சிறு ஓடை ஒன்று ஓடியது. அதில் நீரின் வேகத்தை மாற்றி மாற்றி, மணல் எவ்வாறு உருண்டு செல்கிறது, எந்த வேகத்தில் அலைவரிகள் உண்டாகின்றன, எந்த வேகத்தில் அவை அழிகின்றன என்று அளந்து குறித்துக்கொண்டார். மணல் நீரோட்டத்தின் திசையில் உருண்டு சென்று ஒரு சிறு மேட்டின் உச்சியை அடைகிறது. பின்பு அம்மேட்டின் மறுபுறச் சரிவில் விழுந்து தங்குகிறது. இவ்வாறு ஏற்படும் சாய்வுப் படைகள் எப்போதும் நீர் செல்லும் திசையை நோக்கியே இறங்கும். இவ்வளவுதான் விடயம். ஆனால் இதை அறிந்தவருக்கு, கல்லாகிவிட்ட மணலில் உள்ள சாய்வை அளந்தே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஆறு எத்திசையில் ஓடியது என்று சொல்லிவிட முடியும். இளைஞர் சோர்பி திசையறி கருவியும் கையுமாகக் கல்லுடைக்கும் குழிகளையும் கடற்கரைப் பாறைகளையும் தேடித் திரிந்தார். ஆயிரக்கணக்கான சாய்வுகளை அளந்து குறித்தார்.

திசை தெரிந்தால் மாத்திரம் போதாது. அத்திசையில் இருந்த நிலம் எத்தகையது என்பதும் தெரியவேண்டும். அதற்கு மணல்மணியின் உள்ளே பார்க்கவேண்டும். மன்செஸ்டரில் வில்லியம் வில்லியம்சன் என்ற அறிஞர் எலும்பு, பல், கல்லாகிய மரம் ஆகியவற்றை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகடுகளாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து அக்கலையைக் கற்றுக்கொண்ட சோர்பி, 1849 அளவில் அதைப் பாறைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். ஒரு கற்சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, அது அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு தடிப்பை அடையும்வரை தேய்ப்பார். கைதவறினால் முழுவதும் பொடியாகிவிடும். அவ்வாறு தேய்க்கப்பட்ட தகட்டின் ஊடாக முனைவாக்கிய ஒளியைச் செலுத்தினால், கண்ணுக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த கல் வெவ்வேறு நிறங்களில் ஒளிரும் கனிப்பொருள்களின் கூட்டமாக மாறிவிடும். தலைமுறைகளாகத் தீட்டுதலைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் கல்லைத் தேய்த்தே புகழ் பெற்றார் என்பது தற்செயலாக இருக்கலாம்.

1857இல், முப்பத்தொரு வயதில், லண்டன் றோயல் சொசைற்றியின் அங்கத்தவராகத் தெரிவுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுரையே அவரது பெயரை நிலைநிறுத்தியது. கிரனைற்றில் உள்ள குவாட்ஸ் பளிங்குகளின் உள்ளே, எண்ணற்ற நுண்குழிகளில் திரவம் அடைபட்டிருப்பதையும் அதனுள் ஒரு குமிழி அசைந்துகொண்டிருப்பதையும் அவர் காட்டினார். பளிங்கு உருவானபோது அதனைச் சூழ்ந்திருந்த திரவமே உள்ளே சிறைப்பட்டது. பின்னர் குளிர்ந்து சுருங்கியபோது குமிழி தோன்றியது. பளிங்கை வெப்பமாக்கி, எந்த வெப்பநிலையில் குமிழி மறைகிறது என்று பார்த்தால் அது பிறந்த சூழலை மதிப்பிடலாம். தன் பிறப்பிடத்தின் துளி நீரை உள்ளே வைத்துக்கொண்டே அலைகின்ற பளிங்கு அது.

அக்காலப் புவிச்சரிதவியலாளர் இதை எளிதில் ஏற்கவில்லை. சுத்தியலும் தோற்பையும் கொண்டு மலையேறுவதே அவர்களுக்கு விஞ்ஞானம். அவ்வளவு பெரிய மலையை இவ்வளவு சிறிய கண்ணாடியால் பார்ப்பதா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சோர்பி அதற்கு வாதாடிப் பதிலளித்ததைவிட மேலும் மேலும் தகடுகள் செய்து பதிலளித்தார் என்பதே பொருந்தும்.

இந்த இரு கருவிகளையும், அதாவது சாய்வுப் படைகளையும் நுணுக்குக்காட்டியையும், சேர்த்துக்கொண்டுதான் அவர் திரிகைக்கல் மணற்பாறையை அணுகினார். தென் யோர்க்‌ஷயரின் அப்பாறை பற்றிய அவரது கட்டுரை 1859இல் வெளிவந்தது. நீரோட்டம் வடகிழக்கிலிருந்து வந்தது என்று சாய்வுகள் கூறின. மணலும் கூழாங்கல்லும் கிரனைற் நிலத்தின் எச்சங்கள் என்று நுணுக்குக்காட்டி கூறியது. ஆகவே இன்று வடகடலும் அதற்கப்பால் ஸ்கன்டினேவியாவும் இருக்கும் திக்கில் ஒரு பெரிய கிரனைற் நிலம் இருந்து, அதிலிருந்தே இம்மணல் வந்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இங்கிலாந்தின் நடுவிலே நின்றுகொண்டு, காலடியில் கிடக்கும் கல்லின் தாயகம் கடலுக்கு அப்பால் இருந்தது என்று அந்நாளில் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

இதன் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள வடிநிலம் என்பதன் இயல்பைச் சற்று நோக்கவேண்டும். புவியோடு அசையும்போது சில பகுதிகள் தாழ்கின்றன, சில உயர்கின்றன. உயர்ந்த பகுதிகளை மழையும் ஆறும் அரித்து, மணலாகவும் சேறாகவும் தாழ்ந்த பகுதிக்குக் கொண்டுசென்று நிரப்புகின்றன. காலப்போக்கில் மலை முற்றாக அழிந்துவிடலாம். அது நின்ற இடம் கடலாகக்கூட மாறிவிடலாம். ஆனால் வடிநிலத்தில் படிந்த மணல் அடுக்கடுக்காக எஞ்சி நிற்கிறது. அடியில் உள்ள படை முதலில் வந்தது, மேலே உள்ளது பின்னர் வந்தது. ஒவ்வொரு படையின் மணலும் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால், எந்தத் திக்கில் எப்போது மலை எழுந்தது, எப்போது தேய்ந்தது, வடிநிலத்தின் விளிம்புகள் எவ்வாறு மாறின என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மணல் அது. அக்காலத்தில் இன்றைய பிரித்தானியா புவிமத்தியகோட்டின் அருகில் இருந்தது. அந்தத் தாழ்நிலத்தையும் அதை நிரப்பிய ஆற்றையும் அவ்வாற்றுக்கு மணல் ஈந்த மலையையும் இன்று எவரும் காண இயலாது. சாட்சியாக எஞ்சியிருப்பது மணல் ஒன்றே.

1861இல் சோர்பி தாயாருடன் ரைன் நதிப் பிரதேசத்துக்குச் சுற்றுலாச் சென்றார். பொன் நகரில் பெர்டினான்ட் ஸிர்க்கல் என்ற இளைஞரைச் சந்தித்துத் தமது முறையை விளக்கினார். ஸிர்க்கல் அதைப் பற்றிக்கொண்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் பாறைகளின் நுணுக்குக்காட்டி ஆய்வு ஜேர்மனியப் பல்கலைக்கழகங்களில் பெருந்துறையாக வளர்ந்தது. பிறந்த நாட்டில் ஏளனம் செய்யப்பட்ட கலை பிறநாட்டில் போற்றப்பட்டு, பின்பு அங்கிருந்து மதிப்போடு தாய்நாட்டுக்குத் திரும்பிவந்தது.

சோர்பியோ அதற்கிடையில் வேறு பக்கம் போய்விட்டார். இரும்பையும் உருக்கையும் மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். 1864இல் அறிவித்த அக்கண்டுபிடிப்பை இரும்புத் தொழிலதிபர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. உலகின் உருக்குத் தலைநகரிலேயே இது நடந்தது. நுணுக்குக்காட்டியுடன் நிறமாலை காட்டும் கருவியை இணைத்து, இரத்தக்கறையை இனங்காணும் வழியையும் கண்டார். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியவர் எதையுமே முற்றாக முடிக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அது ஓரளவு உண்மை. மாணவர் பரம்பரை ஒன்றையும் அவர் உருவாக்கவில்லை.

அந்த நிறமாலைக் கருவியே அவரை இலங்கையின் பக்கம் இழுத்துவந்தது. அவரது வாழ்வின் மிகப் பெரிய தவறும் அங்கேதான் நிகழ்ந்தது. இலங்கையின் இரத்தினக்கற்களில் சிர்க்கோன் என்பதும் ஒன்று. நிறமற்ற சிர்க்கோனை மாத்தறை வைரம் என்று கூறி ஐரோப்பாவில் விற்ற காலமும் இருந்தது. இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கற்கள் சிலவற்றைச் சோர்பி தமது கருவியால் ஆராய்ந்தபோது, அவற்றின் ஊடாக வந்த ஒளியின் நிறமாலையில் கூர்மையான கருங்கோடுகள் பல தோன்றின. அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் அக்கோடுகள் பொருந்தவில்லை. புதிய மூலகம் ஒன்றைக் கண்டுவிட்டதாக எண்ணி, 1869இல் அதற்கு ஜார்கோனியம் என்று பெயரிட்டு அறிவித்தார். சிர்க்கோன் கல்லுக்கு இரத்தின வணிகர் வழங்கிய ஜார்கன் என்ற பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அதே ஆண்டில்தான் புவிச்சரிதவியற் சங்கத்தின் மிக உயர்ந்த விருதான வொலாஸ்ரன் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் சோதனைகளைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தபோது அவருக்கே ஐயம் எழுந்தது. சிர்க்கோனியத்தோடு மிகச் சிறிதளவு யுரேனியம் கலந்தால், தனித்தனியே அவ்விரண்டும் காட்டாத கருங்கோடுகள் சேர்ந்திருக்கும்போது தோன்றுகின்றன என்பதை அவர் கண்டார். ஜார்கோனியம் என்று ஒன்று இல்லை. இலங்கைச் சிர்க்கோனில் இருந்தது யுரேனியமே. 1870இல், எவரும் வற்புறுத்துவதற்கு முன் என்றே சொல்லவேண்டும், தமது தவறை எழுத்திலே ஒப்புக்கொண்டு விளக்கத்தையும் வெளியிட்டார்.

முன்னொரு காலத்தில் மாணவர்களுக்கு விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது நானும் என் சகாக்களும் கண்டுபிடிப்புக்களையே கற்பித்தோம். மீளப்பெறப்பட்ட முடிவுகளைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பவர் எவருமில்லை. ஜார்கோனியம் அத்தகைய குப்பைக்கூடையில் வீழ்ந்த பெயர்களுள் ஒன்று. ஆயினும் சோர்பியின் வாழ்வில் நான் மிகவும் மதிப்பது அந்த இரண்டாவது கட்டுரையைத்தான். சிர்க்கோனுக்குள் யுரேனியம் குடியிருக்கிறது என்ற அந்தச் சிறு செய்தியை அவர் தோல்வியின் விளக்கமாகவே கருதினார். அதன் பெறுமதியை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கதிர்த்தொழிற்பாடு என்ற தோற்றப்பாடே 1896இல்தான் வெளிப்பட்டது.

1874இல் தாயார் மறைந்தார். அதே ஆண்டில் றோயல் சொசைற்றியின் அரச பதக்கம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குப் பின் கிளிம்ஸ் என்ற பாய்க்கப்பலை வாங்கி, அதையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடைகாலம் முழுவதையும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரக் கழிமுகங்களில் கழித்தார். தேம்ஸ் நதியில் லண்டனின் கழிவுநீரும் சேறும் எவ்வாறு அலைந்து படிகின்றன என்பதை அரசாணைக்குழு ஒன்றுக்காக ஆராய்ந்ததும் அக்கப்பலிலிருந்தே. குளிர்காலத்தில் ஷெஃபீல்டுக்குத் திரும்புவார். அங்கு கல்லூரி ஒன்றை வளர்த்தெடுத்து, அது 1905இல் பல்கலைக்கழகமாக மலர்வதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர்.

1878 முதல் 1880 வரை புவிச்சரிதவியற் சங்கத்தின் தலைவராக இருந்தபோது இரு நீண்ட தலைமையுரைகளை ஆற்றினார். 1879இல் சுண்ணாம்புக்கற்களைப் பற்றியது. 1880இல் மணற்கல், களிமண் போன்றவற்றைப் பற்றியது. இரண்டாவது உரையில்தான் மணல்மணிகளின் வாழ்க்கை வரலாற்றை அவர் முழுமையாக எடுத்துரைத்தார். தாய்ப்பாறையிலிருந்து அண்மையில் உதிர்ந்த கூர்முனை மணி, நெடுந்தூரம் உருண்டு மழுங்கிய மணி, மோதி உடைந்த மணி, இரசாயன மாற்றத்தால் அரிக்கப்பட்ட மணி, புதைந்தபின் தன்மேல் புதிய குவாட்ஸ் வளரப்பெற்ற மணி என்று வகைப்படுத்தினார். கிரனைற்றிலிருந்து வந்த குவாட்ஸ் வேறு, அழுத்தத்தால் உருமாறிய பாறையிலிருந்து வந்த குவாட்ஸ் வேறு. இரண்டையும் உள்ளமைப்பைக் கொண்டே பிரித்தறியலாம். வெளித்தோற்றம் பயணத்தைச் சொல்கிறது, உள்ளமைப்பு பிறப்பைச் சொல்கிறது. எவ்வளவுதான் மழுங்கிப்போனாலும் இரண்டாவது மாறுவதில்லை.

இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றி, வீட்டோடு முடங்கிவிட்டார். கப்பலும் போய்விட்டது. அந்நிலையில், அறுபது ஆண்டுகளுக்கு முன் வீட்டு ஓடையில் மணலை உருட்டி அளந்த குறிப்புகளை மீண்டும் எடுத்தார். நீரின் வேகம், மணியின் பருமன், படையின் சாய்வு, சேறு இறுகும் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பாறைகளின் வரலாற்றை எண்களில் எழுத முயன்ற நீண்ட கட்டுரை அது. இளைஞனின் அளவீடுகளை எண்பதைக் கடந்த முதியவர் எழுதி முடித்தார். 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் திகதி அவர் காலமானார். கட்டுரை அச்சில் வெளிவந்தபோது அவர் இல்லை.

அவர் விட்டுச்சென்ற கேள்வி யோர்க்‌ஷயரிலேயே தொடர்ந்தது. லீட்ஸைச் சேர்ந்த அல்பேர்ட் கில்லிகன் திரிகைக்கல் மணற்பாறையை மீண்டும் ஆராய்ந்து, 1919ஆம் ஆண்டுத் தொகுதியில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பாரமான கனிப்பொருள்களைப் பிரித்தெடுத்துப் பார்த்ததில் கார்னெற், மொனசைற், சிர்க்கோன் முதலியன கிடைத்தன. பெல்ஸ்பார் மணிகள் வியக்கத்தக்க அளவுக்குப் புதுமை குன்றாமல் இருந்தன. ஸ்கொட்லாந்து முதல் ஸ்கன்டினேவியா வரை பரந்திருந்த ஒரு வடநிலத்திலிருந்து பேராறு ஒன்று இம்மணலைக் கொண்டுவந்தது என்று அவர் முடிவுசெய்தார். சோர்பியின் கருத்து வலுப்பெற்றது. ஆயினும் வடக்கே எந்த மலை, எக்காலத்து மலை என்பதற்கு விடையில்லை.

விடை சிர்க்கோனுக்குள் இருந்தது. சோர்பி மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1911இல், ஆதர் ஹோம்ஸ் என்ற இருபத்தொரு வயது இளைஞர் கனிப்பொருள்களில் உள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் ஒப்பிட்டு அவற்றின் வயதைக் கணித்தார். யுரேனியம் மாறா வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. சிர்க்கோன் பளிங்கு உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏறக்குறைய முற்றாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் யாவும் அது பிறந்த நாளிலிருந்து சேர்ந்தது. ஆறு உருட்டினாலும் கடல் அரைத்தாலும் நிலத்தடியில் புதைந்தாலும் சிர்க்கோன் எளிதில் அழிவதில்லை. ஒரு மணல்மணியின் பிறந்த ஆண்டைக் கேட்டறிய இதைவிட உகந்த கனிப்பொருள் கிடையாது. ஜார்கோனியத்தின் கருங்கோடுகளை உண்டாக்கிய அதே யுரேனியம்தான் அந்தக் கடிகாரம்.

1987இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெனைன் மணற்கற்களிலிருந்து சிர்க்கோன்களைப் பிரித்து இம்முறையால் வயது கண்டனர். சில மணிகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. வேறு சில, ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகளுக்கு முன் வடஅத்திலாந்திக் நிலங்கள் மோதி எழுந்த கலிடோனிய மலைத்தொடரின் காலத்தவை. கிறீன்லாந்து, ஸ்கன்டினேவியா, ஸ்கொட்லாந்து ஆகியன அன்று ஒன்றுசேர்ந்திருந்தன. அம்மலைகளின் வடபகுதியிலிருந்து ஆறு தெற்கே ஓடிவந்தது. சோர்பி ஓர் ஊகமாக நீட்டிய விரல் தவறான திக்கைக் காட்டியிருக்கவில்லை.

2000ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு கதையை இன்னும் நீட்டியது. வடிநிலத்தின் எல்லாப் படைகளையும் ஒப்பிட்டபோது, மணல் எக்காலத்திலும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை என்பது தெளிவாயிற்று. புவியோடு முதலில் இழுபட்டு உடைந்து, பின்னர் குளிர்ந்து பரந்த அளவில் தாழ்ந்த காலத்தில் வடக்கின் ஆறு அதை நிரப்பியது. நிலக்கரிப் படைகளின் காலத்தில் மேற்கிலிருந்தும் மணல் வரத் தொடங்கியது. அதற்கும் மேலே உள்ள படைகளில் தெற்கிலிருந்து வந்த மணிகள் தலைகாட்டுகின்றன. தெற்கே கண்டங்கள் நெருங்கி வரிஸ்கன் மலைகள் எழுந்துகொண்டிருந்தன என்பதற்கு அது சாட்சி. அந்த நெருக்குதல் இறுதியில் வடிநிலத்தையே எட்டி, தாழ்ந்திருந்ததை மேலே தூக்கியது. கிண்ணத்தின் அடியில் படிந்த மணல் மேட்டுநிலத்தின் விளிம்பாக எழுந்து நிற்பதன் தொடக்கம் அது. கைவிடப்பட்ட திரிகைக் கற்கள் இன்று கிடப்பது அம்மேட்டின்மேல்தான்.

சோர்பி கையால் தேய்த்த கற்தகடுகள் ஷெஃபீல்டில் பேணப்பட்டு வருகின்றன. உருக்கின் ஒரு கூறுக்குச் சோர்பைற் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. ஜார்கோனியம் மூலகங்களின் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இன்னுமொரு செய்தி. வயது தெரியாத சிர்க்கோன் மணியை ஆய்வுகூடத்தில் அளக்கும்போது, கருவியைச் சரிபார்ப்பதற்கு வயது நிச்சயமாகத் தெரிந்த மற்றொரு சிர்க்கோனை அருகே வைத்து அளப்பார்கள். அவுஸ்திரேலியாவில் இம்முறை வளர்ந்த காலந்தொட்டு இவ்வாறு உரைகல்லாகப் பயன்பட்டவற்றுள் பல இலங்கையின் சிர்க்கோன்கள். பெரியவை, தூய்மையானவை, ஏறக்குறைய 56 கோடி ஆண்டு வயதுடையவை. ஆனால் அவையும் தாய்ப்பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை அல்ல. இரத்தினக்கல் தேடுவோர் ஆற்றுச் சரளையிலிருந்து அரித்தெடுத்த, உருண்டுவந்த கற்கள்தான்.